101-ஆம் அறையில் சிரிப்புச் சத்தம்

அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று கேட்டால் நம்மில் யாரும் கூடாது என்று சொல்லமாட்டோம். அதனிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு, அதன் கூரைக்குக் கீழேயே உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்புக்கு என்ன மதிப்பு என்பதுதான் சிக்கல். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நிர்வாகத்தைக் கிண்டலடித்து ஒரு நாடகம் போட்டோம். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் நிர்வாகிதான். மறுநாள் காலையில் வருகைப் பதிவேடு அதே மேசையில், அதே சிவப்புப் பேனாவோடு காத்திருந்தது. அப்புறம் எதுக்குய்யா நாடகம் என்று ஆகிவிட்டது. 'தி கூன் ஷோ' என்ற பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவைத் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் பதிவில் கேட்டபோது அந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கேட்கவேண்டும் என்று பட்டது.

தொடரைப் பற்றி முதலில் கொஞ்சம். 1951 முதல் 1960 வரை பி.பி.சி. இதை ஒலிபரப்பியது. இதன் முக்கியக் குரல்களான ஸ்பைக் மில்லிகன், ஹாரி சீகோம்ப், பீட்டர் செல்லர்ஸ் மூவருமே இரண்டாம் உலகப்போரின்போது சீருடை அணிந்தவர்கள். தொடரின் பெரும்பகுதியை எழுதிய மில்லிகன், இந்தியாவில் பணியாற்றிய ஒரு ராணுவத்தாரின் மகனாக 1918-இல் அகமத்நகரில் பிறந்தவர். 1944-இல் இத்தாலியப் போர்முனையில் காயம்பட்டு, மனமும் குலைந்து திரும்பியவர். மேலிருந்து வருகிற உத்தரவு எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் 'சரிங்கய்யா' என்று சொல்லியே தீரவேண்டிய உலகத்திலிருந்துதான் இவர்களுடைய சிரிப்பு பிறந்தது.

நான் சொல்லும் அத்தியாயம் 1955 ஜனவரி 4 அன்று ஒலிபரப்பான 'நைன்டீன் எய்ட்டி ஃபைவ்'. மில்லிகனும் எரிக் சைக்ஸும் எழுதியது. இதற்கு மூன்று வாரம் முன்னால், 1954 டிசம்பர் 12 அன்று, ஆர்வெலின் '1984' நாவலை பி.பி.சி. தொலைக்காட்சி நாடகமாகக் காட்டியிருந்தது. பயங்கரம் தாங்கவில்லை என்று பெரிய கூச்சல். விவகாரம் நாடாளுமன்றம் வரை போயிற்று. இருந்தும் 16-ஆம் தேதி அதை மறுபடி நடித்துக் காட்டினார்கள். சூடு ஆறுவதற்குள் அதே நிறுவனத்தின் வானொலி அதையே கேலிக்கூத்தாக்கிவிட்டது.

கேலியின் அச்சாணி மூன்று எழுத்து. பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன் இங்கே 'பிக் பிரதர் கார்ப்பரேஷன்', அதாவது பெரியண்ணன் நிறுவனம். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. நாயகன் வின்ஸ்டன் சீகூன் அதில் ஓர் ஊழியன், பெயருக்கு முன்னால் ஓர் எண். ஒலிபெருக்கி அறிவிக்கிறது: கேண்டீனில் சாப்பாடு தயார், டாக்டர்களும் தயார். நாவலின் 101-ஆம் அறையில் வின்ஸ்டனுக்குக் காத்திருந்தவை எலிகள். இங்கே காத்திருப்பவை பி.பி.சி.யின் அன்றைய பிரபல நிகழ்ச்சிகளின் ஒலித்துண்டுகள். அதைக் கேட்டுத்தான் அவன் அலறுகிறான்.

வெறும் தமாஷ் என்று தள்ளிவிட முடியாது. ஆர்வெல் 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கிழக்கத்தியப் பிரிவில், இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர். அவருடைய எழுத்து தணிக்கை தாண்டித்தான் ஒலிவாங்கிக்குப் போகும். 101-ஆம் அறை என்ற பெயரே அங்கே அவர் உட்கார்ந்து சலித்த கூட்ட அறையின் எண் என்று சொல்வதுண்டு. அலுவலகச் சலிப்பை அவர் பயங்கரமாக எழுதினார். கூன்கள் பயங்கரத்தை மறுபடி அலுவலகத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். சர்வாதிகாரம் எங்கேயோ தூரதேசத்தில், இரும்புத் திரைக்கு அந்தப்பக்கம் இருப்பதாக நிம்மதியாக நாடகம் பார்த்தவனை, 'உன் வீட்டு ரேடியோவைக் கொஞ்சம் கவனி' என்கிறது இந்த அரைமணி நேரம். தொல்காப்பியர் நகைக்குச் சொல்லும் நிலைக்களன்களில் எள்ளலும் உண்டு, பேதைமையும் உண்டு. சீகூனின் பேதைமையை முன்னால் நிறுத்தி, எள்ளலைப் பின்வாசல் வழியாக அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, பி.பி.சி. ஏன் அனுமதித்தது? பக்தின் சொன்ன திருவிழாச் சிரிப்புக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் வாதம் இங்கேயும் பொருந்தும்: அனுமதிக்கப்பட்ட கலகம் அதிகாரத்துக்குப் பாதுகாப்பு வால்வு. அடுத்த மாதமே இதே கதையை மறுபடி நிகழ்த்தி ஒலிபரப்பவும் செய்தார்கள். எதுவும் இடிந்து விழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் நிர்வாகி!

ஆனால் பிரதியில் இன்னொரு கூர் இருக்கிறது. பெரியண்ணனுக்கு எதிராகக் கிளம்பும் கலகக்காரர்களின் பெயர் ஐ.டி.ஏ. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் பி.பி.சி.யின் ஏகபோகத்தை உடைத்து, விளம்பர வருமானத்தில் நடக்கும் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய அமைப்பும் ஐ.டி.ஏ.தான்: இன்டிபென்டன்ட் டெலிவிஷன் அத்தாரிட்டி. கூன்கள் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி 'ஆர்மி' ஆக்கினார்கள். விடுதலை செய்ய வருவதும் ஒரு படைதான். 1955 செப்டம்பரில் அந்தத் தொலைக்காட்சி நிஜமாகவே வந்தது, சோப்பும் பற்பசையும் விற்றுக்கொண்டு.

நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். நிறுவனத்துக்குள் இருந்து சிரிக்கும் சிரிப்பு நிறுவனத்தைக் கவிழ்க்காது. அப்படி நம்பிக்கொண்டு நாடகம் போட்டது எங்கள் தப்பு. நிர்வாகி கைதட்டினாரா இல்லையா என்று அளப்பதும் வீண். அந்த மூன்று எழுத்தைக் கேட்டவன் மறுநாள் அதைப் பழைய மாதிரி உச்சரிக்க முடிந்ததா, கதவைத் தட்டுகிற அடுத்த முதலாளியை மீட்பன் என்று நம்பாதிருக்கக் கற்றானா என்று கேட்கவேண்டும். எங்கள் நாடகத்தில் நிர்வாகியின் நடையைத்தான் காட்டினோம், பதிவேட்டைத் தொடவே இல்லை. அதனால்தான் அவரால் அவ்வளவு தாராளமாகக் கைதட்ட முடிந்தது.