உங்களுக்குத் தெரியுமா? குடும்பத்தோடு வந்த பெலிஸ்தர்

பைபிளில் தாவீதின் கவண்கல்லுக்கு விழுந்த கோலியாத் ஒரு பெலிஸ்தன். அவன் இனத்தாரைக் கடல்வழி வந்த கொள்ளைக்கூட்டம் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். ஆனால் எகிப்தில், மூன்றாம் ராம்சேஸ் கட்டிய கோயிலின் சுவரில் இருக்கும் போர்க்காட்சியைக் கூர்ந்து பாருங்கள்: சண்டைக்கு நடுவே மாட்டுவண்டிகள், அவற்றில் பெண்களும் குழந்தைகளும். கொள்ளைக்குப் போகிறவன் குடும்பத்தையா கூட்டிப்போவான்?

பெலிஸ்தரின் நகரமான அஸ்கலோனில் வீட்டுத் தரைக்கடியில் புதைக்கப்பட்டிருந்த சிசுக்களின் மரபணு ஆய்வு 2019இல் வெளியானது. கி.மு. 12ஆம் நூற்றாண்டையொட்டிய அந்தப் பிஞ்சுகளிடம் தென் ஐரோப்பியக் கலப்பு தெரிந்தது. இருநூறு ஆண்டுகளுக்குள் அது ஏறக்குறைய கரைந்தும்போனது. உள்ளூரிலேயே பெண் கொடுத்து, பெண் எடுத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் கரையவில்லை. பாலஸ்தீனம் என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் பெலிஸ்தர்தான்.