பர்னஸ் நின்ற ராத்திரி... கரியும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்!

"மார்கழிப் பனிக்கே மப்ளர் சுத்துற ஆள் டாக்டர் இவரு. வெளியில மைனஸ் பதினஞ்சு டிகிரி. வீட்டுக்குள்ளயே விறைச்சுப் போயிட்டோம்!"

அறந்தாங்கியில் என்னிடம் பல வருடமாக வைத்தியம் பார்க்கும் அம்மா அவர். கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கனடாவில், டொரண்டோ நகரத்தில் நம்மவர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ பகுதியில் மகன் வீடு. அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

ஒரு ஜனவரி ராத்திரி அங்கே 'பர்னஸ்' நின்றுவிட்டது. எரிவாயுவில் காற்றைச் சூடாக்கி, குழாய் வழியே எல்லா அறைக்கும் அனுப்பும் இயந்திரம் அது. நம் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? கறி சுடும் அடுப்பில் கரியை மூட்டிக் கூடத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்!

"மாமா, வேணாம்! ஆளையே கொன்னுடும்!" என்று மருமகள் ஓடி வந்து தடுத்திருக்கிறார். அந்த ராத்திரி வீட்டிலிருந்த அத்தனை பேரையும் காப்பாற்றியவர் அந்தப் பெண்தான்.

மணமில்லாத விஷம்

நம் ஓட்டு வீட்டில் புகை இடுக்கு வழியாகப் போய்விடும். குளிர்நாட்டு வீடு காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டியது. உள்ளே கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கனடா வரை போவானேன்? 2024-ல் நம் கொடைக்கானலிலேயே, கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் "ஜலதோஷம்"னு சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்கள். பழுதான பர்னஸிலிருந்தும் இதே விஷம் கசியலாம். சித்த வைத்தியனாகச் சொல்கிறேன், இதற்கு என் பெட்டியில் மருந்து கிடையாது. ஆக்சிஜன்தான் மருந்து.

மெக்கானிக் வரும் வரை

எல்லோரும் ஒரே அறையில் கூடுங்கள். உடைகளை அடுக்கடுக்காகப் போடுங்கள். தலை, காது, பாதம் மூடியிருக்கட்டும். சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்ட சூடான பானம் நல்லது. மது கூடவே கூடாது. உடம்பு சூடான மாதிரி காட்டி, உள்சூட்டை இழக்கச் செய்துவிடும். மரத்துப்போன விரலில் தைலம் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். தோல் புண்ணாகிவிடும்.

வயதானவர் பேச்சுக் குழறினால், நடுக்கம் நின்று சோர்ந்து போனால், தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது ஆபத்து. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது?

முதலில் நீங்களே பாருங்கள். தெர்மோஸ்டாட் பேட்டரி தீர்ந்திருக்கிறதா? ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா? பில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? வெளிக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா? காஸ் வாடை அடித்தால் மட்டும் எதையும் தொடாமல் வெளியே வந்து, பிறகு போன் செய்யுங்கள்.

டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் எரிவாயு பர்னஸைத் தொட, டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டும். "பதிவு எண் என்ன? ராத்திரி வந்து பார்க்க என்ன கட்டணம்? பாகத்துக்குத் தனியா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வாடகை வீடானால் முதலில் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

ஆசிரியர் மகன் வீட்டுக்கு முதலில் வந்தவர், "மிஷினே போச்சு. புதுசுக்கு இப்பவே கையெழுத்துப் போடுங்க" என்றாராம். மகன் மறுத்து, ராத்திரியை மின் ஹீட்டரோடு ஓட்டிவிட்டு, காலையில் வேறொருவரை அழைத்தார். வெளிக்குழாயில் பனி அடைப்பு! அரை மணி நேர வேலை. கதவைத் தட்டி வந்து பர்னஸ் ஒப்பந்தம் போடுவதை அந்த மாகாணம் 2018-லேயே தடை செய்திருக்கிறது. "இது ஆபத்து, ஓட்டக்கூடாது" என்று ஒருவர் சொன்னால் இயக்காதீர்கள். ஆனால், புதிது வாங்குமுன் இரண்டாவது ஆளையும் கேளுங்கள்.

வைத்தியத்திலும் அப்படித்தானே? பெரிய ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரைக் கேட்பதில்லையா?

இந்த வருடம் குளிர்நாட்டுப் பிள்ளைகளிடம் போகிறவர்கள், ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டும்போதே போனில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "தம்பி, வீட்டுல கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா? வேலை செய்யுதா?"