பிறர் சுவாசிக்கும் காற்று

ஜேடர்பாளையத்தில் காவிரியின் படுகை அணையையும் அதை ஒட்டிய பூங்காவையும் காண விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள், ஆற்றில் நீராடி, கரையோரக் கடையில் வறுத்த மீனை வாங்கி உண்டு, மாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கையில், பக்கத்தில் நிற்பவர் ஊதும் பீடிப் புகையையும் தம் சம்மதமின்றியே உட்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஊதுகிறவர் நாலடி தள்ளிப் போகலாம். கைக்குழந்தையோடு நிற்கும் தாய் இடத்தை விட்டால் பஸ்ஸையும் விட வேண்டியதுதான்.

இது வெறும் அருவருப்பைப் பற்றிய விஷயமன்று. தாம் புகைக்காதிருந்தும், புகைக்கும் கணவரோடு வாழ்ந்த மனைவியரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிராயாமா 1981-லேயே எடுத்துக் காட்டினார். பிறர் விட்ட புகையினால் மட்டும் ஆண்டுதோறும் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நம் நாட்டில் இந்த நியாயத்தை முதலில் உரக்கச் சொன்னவை நீதிமன்றங்களே. பொது இடத்தில் புகைப்பது பிறர் உயிர்வாழும் உரிமைக்கு விரோதமானது என்று 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2-ஆம் தேதி உச்சநீதிமன்றம், ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், பஸ், ரயில் முதலியவற்றில் புகைப்பதைத் தடுக்க ஆணையிட்டது. புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதன்பின் வந்தது. அதில் திறந்தவெளிக்கு விலக்கு இருந்தது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் அமலான விதிகள் பஸ் நிறுத்தத்தையும் சிற்றுண்டிச்சாலையையும் அரங்கத்தையும் பெயர் சொல்லியே தடைக்குள் கொண்டுவந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

ஆகவே, தடை வேண்டுமா என்று நாம் இனிமேல் கேட்க வேண்டியதில்லை. இருக்கும் தடை ஏன் உறங்குகிறது என்றே கேட்க வேண்டும். பஸ் நிறுத்தத்து டீக்கடையைப் பாருங்கள். முன்பு தூணில் தொங்கிய கயிற்றின் முனையில் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும். இன்று அந்த இடத்தில் நூலில் கட்டிய லைட்டர் ஆடுகிறது. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்ற புகைப்பதற்கான சாதனங்கள் எவையும் அங்கே வைக்கப்படலாகாது என்பது அதே 2008 விதிகளின் கட்டளை என்பதைக் கடைக்காரரிடம் எவரும் சொன்னதில்லை. முப்பது பேரோ அதற்கு மேலோ அமரக்கூடிய உணவகம் தனி அறை ஒதுக்கிக்கொள்ள அனுமதி உண்டு. நாலு பெஞ்சு போட்ட கடைக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

வியாபாரம் குறைந்துவிடும் என்று கடைக்காரரும், பகலெல்லாம் வாழைத்தோட்டத்தில் உழைத்தவனுக்கு ஒரு பீடியும் ஆகாதா என்று பெரியவர்களும் கேட்பது எனக்குத் தெரியும். உழைத்தவனுடைய களைப்பை நான் மதிக்கிறேன்; ஆனால் வயல் வரப்பில் தனித்திருந்து அவன் புகைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, பத்துப் பேர் நெருங்கி நிற்கும் நிழற்குடையில்தான் தடுக்கிறது. அவனுக்கும் அந்தப் பழக்கம் ஹானிதான் என்பது வேறு விஷயம்.

பூங்காவைத்தான் அந்த விதிகள் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. குழந்தைகள் மிகுதியாகக் கூடும் இடம் விடுபட்டுப் போவது எவ்விதத்திலும் பொருந்தாது. ஆகையால் அணைப் பூங்காவின் நுழைவாயிலிலும் மீன்கடை வரிசையிலும் தடைப் பலகை நாட்டுவதற்கு உள்ளூர் ஊராட்சியே முன்வர வேண்டும். அப்பலகையில், புகார் கூற வேண்டிய பொறுப்பாளரின் பெயரும் எழுதப்பட வேண்டும். புகார் வந்தும் வாளாவிருந்தால், நடந்த மீறல்கள் எத்தனையோ அத்தனைக்கும் உரிய அபராதத்தைப் பொறுப்பாளரே கட்ட வேண்டுமென்று பொது இடங்களுக்கு அவ்விதிகள் வகுத்திருக்கும் முறை, இங்கும் அப்படியே ஏற்கத்தக்கது.