நாரைக்குத் தாய்வீடு

திருநெல்வேலியில் ஒரு காமிரா கழகம் இருக்கிறது. மாதம் ஒரு முறை அதன் அங்கத்தினர்கள் கூடும் அறையில், பரிசு பெற்ற படங்கள் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்குகின்றன. ஒரே ஒரு படம் மட்டும் மேஜை டிராயருக்குள் கிடக்கிறது. புதிதாக யார் கழகத்தில் சேர்ந்தாலும், காரியதரிசி முதலில் எடுத்துக் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.

மிக அழகான படம் அது. ஒரு கொண்டைக்குருவியின் கூடு. அதற்குள் கண் திறக்காத இரண்டு குஞ்சுகள், தாய் வந்துவிட்டதென்று எண்ணிச் சிவந்த வாயைப் பிளந்து கொண்டிருக்கின்றன.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்பார் காரியதரிசி.

"பிரமாதம் சார்!" என்பார் புதியவர்.

"கூட்டை மறைக்க ஓர் இலைகூட இல்லையே, அதைக் கவனித்தீர்களா?"

அந்தப் படத்தை எடுத்தவர் காரியதரிசியேதான். பல வருஷங்களுக்கு முன் அவர் வீட்டுச் செம்பருத்திச் செடியில் அந்தக் குருவி கூடு கட்டியிருந்தது. பார்வையை மறைத்த கிளையை நூல் கட்டி ஒரு பக்கம் இழுத்து வைத்தார். ஐந்தே நிமிஷத்தில் படம் எடுத்தாயிற்று. அந்தச் சமயம் பார்த்து வீட்டில் டெலிபோன் மணி அடித்தது. உள்ளே போனவர், நூலை அவிழ்க்க மறந்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் கூடு காலி. மதில்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

"குஞ்சைத் தின்றது காகம். விருந்துக்கு இலை போட்டவன் நான்" என்கிறார் அவர்.

மாதம் ஒரு கூட்டம்

பாங்க் குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், மருந்துக் கடைக்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, கல்லூரி மாணவர்கள் என்று பல தரப்பட்டவர்கள் இந்தக் கழகத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு தலைப்பு கொடுக்கப்படும். ஒரு மாதம் 'சந்தை', மறு மாதம் 'மழை'. ஆளுக்கு இரண்டு படம். எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் படங்களைத் திரையில் காட்டுவார்கள். வெளியூரிலிருந்து வரும் நடுவர் குறை நிறைகளைச் சொல்லி மார்க் போடுவார். பிறகு டீ வரும். அதோடு, நடுவர் தீர்ப்பின் மீது அப்பீலும் ஆரம்பமாகும்!

எந்தத் தலைப்புக்கும் இல்லாத கூட்டம் 'பறவைகள்' என்ற தலைப்புக்கு வருகிறது. அதில் ஆச்சரியமில்லை. தாமிரபரணிக் கரையில் மீன்கொத்தி இருக்கிறது. டவுனிலேயே நயினார்குளத்தில் நீர்க்காகமும் கொக்கும் இருக்கின்றன. பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம், ஒவ்வொன்றுக்கும் காசு. ஆகவே விரல் யோசித்துத்தான் அழுத்திற்று. இன்றைய டிஜிட்டல் காமிராவில் ஒரே காலையில் ஆயிரம் படம் எடுக்கலாம். யோசிக்கும் வேலையை விரல் விட்டுவிட்டது என்பதுதான் காரியதரிசியின் கவலை.

நெல்லை தந்த நிபுணர்

கழகத்தார் அடிக்கடி சொல்லும் பெயர் ஒன்று உண்டு: மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான இவர் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950-ல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றிய பத்தியைத் தொடங்கி, 1996-ல் காலமாகும் வரை எழுதி வந்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பல காமிராக்களின் பாகங்களை ஒன்று சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அதைச் சுமந்து காடுகளில் நடந்து அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. விலையுயர்ந்த லென்ஸ் இல்லையே என்று ஏங்கும் இளைஞர்களுக்கு இவர் கதையைச் சொல்வது கழகத்தில் வழக்கம்.

கூந்தன்குளத்தில் ஒரு காலை

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கழகத்தாருடன் நானும் கூந்தன்குளம் போனேன். நாங்குநேரி வட்டத்தில் உள்ள இந்தக் கிராமம், நெல்லையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். குளத்துக்கு மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. 1994-ல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் இப்போது இடம் பெற்றிருக்கிறது.

விடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி எல்லோரும் நின்று கொண்டார்கள். குளத்துக் கருவேல மரங்களில் கூழைக்கடாக்கள் மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருந்தன. தூரத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று தெரிந்தது. இமயமலையைத் தாண்டி வரும் விருந்தாளிகள் அவை!

வெள்ளைப் பறவையைப் படம் பிடிப்பது லேசான காரியமல்ல. பின்னால் இருண்ட மரம் இருந்தால், காட்சி முழுவதுமே இருட்டு என்று காமிரா தப்புக் கணக்குப் போடும். வெளிச்சத்தைக் கூடுதலாக வாங்கிவிடும். அப்புறம் பார்த்தால் கொக்கின் இறகு ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைக்க வேண்டும். பறக்கும் பறவை என்றால் ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறக்கலாம். பறவையின் கண் தெளிவாக விழ வேண்டும். கண் மங்கினால் படமே மங்கல்தான். காலை பத்து மணிக்கு மேல் தண்ணீரிலிருந்து கானல் எழும்பும். அதன் பிறகு எந்த லென்ஸாலும் பயன் இல்லை.

இந்த ஊரின் அதிசயம் குளத்தில் மட்டும் இல்லை, தெருவிலும் இருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் வர்ண நாரைகள் கூடு கட்டிக் குடும்பம் நடத்துகின்றன. மஞ்சள் அலகு, ஆரஞ்சு நிற முகம், வாலோரத்தில் ரோஜா நிறம். கீழே மனிதர்கள் நடமாடுகிறார்கள், குழந்தைகள் விளையாடுகின்றன, மேலே அவை பாட்டுக்கு இருக்கின்றன. ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். பறவைகளின் எச்சம் சேர்ந்த வண்டல் வயலுக்கு உரமாகிறது.

ஆச்சியின் கண்டிப்பு

எங்களுடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒரு மச்சு வீட்டின் மொட்டைமாடிக்குப் போனால் வேப்ப மரத்துக் கூடு கைக்கெட்டும் தூரம். டிராயர் படத்தை அவரும் பார்த்தவர்தான். "நான் ஓர் இலையைக்கூடத் தொடப் போவதில்லையே, சார்" என்று வாதாடினார். காரியதரிசி பதில் சொல்லத் தொடங்குவதற்குள், எதிர்த் திண்ணையில் இருந்த ஒரு மூதாட்டி குரல் கொடுத்தார்.

"ஏ தம்பி, மேல ஏறாதீய. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த புள்ளைய்யா அது. அந்த அறைக்குள்ள போய் எட்டிப் பாக்கலாமா?"

மாணவர் படியிலிருந்து இறங்கிவிட்டார். தெருவிலேயே நின்றார். வெயில் ஏற ஏற, மேலே ஒரு காட்சி விரிந்தது. தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு சிறகையும் குடை போல விரித்தது. அந்த நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கின. சற்று நேரத்தில் மற்றொரு நாரை வந்து, தான் விழுங்கிக் கொண்டு வந்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேல் ஊற்றியது. மொட்டைமாடியில் ஆள் நின்றிருந்தால் அந்தத் தாய் எழும்பிப் பறந்திருக்கும். ரோமம் முளைக்காத குஞ்சு எத்தனை நிமிஷம் அந்த வெயிலைத் தாங்கும்? முட்டையாக இருந்தால் உள்ளேயே வெந்துவிடும். வெயில் விட்டுவைத்தாலும் காகம் விடாது.

சட்டமும் இதையே சொல்கிறது

ஆச்சி சொன்னதைச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 'வேட்டை' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியால் சுடுவது மட்டும் பொருளல்ல. காட்டுப் பறவைகளின் முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். கையில் இருப்பது காமிராதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தக் கழகம் தனக்கென்று சில விதிகளை வகுத்து வைத்திருக்கிறது. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படம் போட்டியில் ஏற்கப்பட மாட்டாது. கிளையை ஒதுக்கக் கூடாது. செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதை ஏமாற்றி அழைக்கக் கூடாது. எதிரி வந்துவிட்டதென்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். நம்மைக் கண்டு பறவை தலையைத் தூக்கிப் பார்த்தால் நின்றுவிட வேண்டும். எழுந்து பறந்தால் தப்பு நம்முடையது. கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்யவும் கூடாது. படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு இன்னொரு யோசனையும் சொல்கிறார்கள்: வீட்டு முற்றத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்து, பத்தடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். மைனாவும் சிட்டும் தாமே வரும். பொறுமைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போயிருந்தேன். அந்த மாணவரின் படம் திரையில் வந்தது. தெருவிலிருந்து எடுத்தது, வேப்பங் கிளைகளுக்கு நடுவே சிறியதாக ஒரு கூடு, அதன்மேல் குடை விரித்த தாய். குஞ்சுகளின் தலை மட்டும் லேசாகத் தெரிந்தது. அன்று வந்திருந்த நடுவர் ஊருக்குப் புதியவர். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல காட்சி. ஆனால் இன்னும் கொஞ்சம் கிட்டே போய் எடுத்திருக்கலாமே?" என்றார்.

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. காரியதரிசி மெதுவாக எழுந்து போய் மேஜை டிராயரைத் திறந்தார்.