கேட்கத் தயங்கும் மனம்

இந்து, சீக்கியக் குடும்பங்களில் தெய்வத்தின் முன் அழுது கேட்பதில் யாருக்கும் வெட்கமில்லை. அதே கஷ்டத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லத்தான் வாய் வராது. இந்த மரபுகள் கேட்பதை இழிவாக நினைத்ததால் வந்த தயக்கம் என்று சொல்லிவிட முடியாது. முதலையிடம் சிக்கிய யானை கஜேந்திரன் தன் பலமெல்லாம் ஓய்ந்து கூப்பிட்டதும் திருமால் ஓடி வருகிறார். தனக்கு வழி தெரியவில்லை என்று அர்ஜுனன் சீடனாகச் சரணடைந்த பிறகே கீதையின் உபதேசம் தொடங்குகிறது. உபநயனம் ஆன சிறுவன் முதலில் பிச்சை கேட்பது தன் தாயிடம்.

ஆனால் சாதாரண மனிதர்களின் மனத்துக்கு நெருக்கமானவர் கண்ணனின் ஏழை நண்பர் குசேலர்தான். வறுமை தாங்காமல் மனைவி அனுப்ப, துவாரகைக்குப் போகிறார். கொண்டுபோன அவலைக் கொடுக்கவே கூசுகிறார். வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்புகிறார். கேட்டுவிட்டால் நட்பின் சமநிலை குலைந்துவிடும் என்ற அச்சம் அது. கேட்காமலே கண்ணன் கொடுத்ததால்தான் அந்த நட்பு பழுதில்லாமல் நின்றது.

கேட்கவைக்காமல் கொடுப்பதை ஓர் அமைப்பாகவே வளர்த்தவர்கள் சீக்கியர்கள். உழைத்து உண், பகிர்ந்து உண் என்பது குருநானக்கின் (1469–1539) நெறி. ஆகவே பிச்சையெடுப்பதற்கு அங்கே மதிப்பில்லை. அதே நெறியிலிருந்து வந்ததுதான் லங்கர் என்னும் பொது உணவுக்கூடம். தன்னைக் காண வருபவர் யாராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்றார் மூன்றாம் குரு அமர்தாஸ். அக்பரும் அப்படியே தரையில் அமர்ந்து சாப்பிட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் தினமும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உண்கிறார்கள். ஏழையா, பணக்காரரா என்று எவரையும் விசாரிப்பதில்லை. இரு கைகளையும் ஏந்தி ரொட்டியைப் பிரசாதமாக வாங்குகிறார்கள். சாப்பிட்டவரே எழுந்துபோய்த் தட்டுக் கழுவலாம். வாங்கியவர், கொடுத்தவர் என்ற பிரிவு அங்கே நிலைப்பதில்லை.

பசிக்கு இது போதும். மனத்துயருக்கு வாய் திறந்தாக வேண்டும். அங்கேதான் குடும்ப மானம் குறுக்கே நிற்கிறது. பஞ்சாபில் அதற்கு 'இஸ்ஸத்' என்று பெயர். இந்துவுக்கும் சீக்கியருக்கும் அது பொது. ஒருவரின் மனச்சோர்வோ குடிப்பழக்கமோ வெளியே தெரிந்தால் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும் என்று வீடே சேர்ந்து மறைக்கிறது. மறைத்த துயரம் உடல்நோவாக வெளிவருகிறது. இங்கிலாந்தின் பெட்ஃபர்ட் நகரப் பஞ்சாபியர் தம் வேதனையை நெஞ்சு அமிழ்வதாகச் சொல்வதை மானிடவியலாளர் இங்கா-பிரிட் க்ராஸ் 1989இல் விரிவாக எழுதினார். இந்தியாவின் 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை பெரிய காரணம். வெட்கமும் சிறிய காரணமல்ல.

இதற்கு மாற்று பஞ்சாபிலேயே பிறந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். மறைக்க நினைத்த குடும்பமே சிகிச்சையில் பங்காளியானது. நோயாளியைத் தன் காலில் நிற்கவைப்பதே மேல்நாட்டு உளசிகிச்சையின் குறி. இந்தியரோ வழிகாட்டும் மூத்தவரைத் தேடி வருகிறார் என்று கண்ட சீக்கிய மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி, குரு–சீடர் உறவையே சிகிச்சைக்கு முன்மாதிரியாக 1973இல் முன்வைத்தார்.

நேரில் போய்ச் சொல்லத் தயங்குபவர்களுக்கு இப்போது தொலைபேசி வழியும் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.