இரண்டு தாலந்துக்கும் அதே பாராட்டு



பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் ஃபோன் ஓய்வதில்லை. “மார்க் எவ்வளவு?” என்ற கேள்விக்குப் பின்னாலேயே “பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?” என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. அரசு விட்ட தரவரிசையை நாம் வீட்டுக்குள் விடாமல் நடத்துகிறோம்.

பெற்றோரைக் குறைசொல்ல நான் வரவில்லை. நாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்றுதானே நகையை அடகு வைத்துக் கல்லூரிக்கு அனுப்பத் துடிக்கிறோம்! எதிர்பார்ப்பது தவறில்லை. எதை அளவுகோலாக வைக்கிறோம் என்பதே கேள்வி. பொறியியல் கட் ஆஃப் 200 என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிள்ளையின் கைத்திறனும் பொறுமையும் நேர்மையும் அந்தக் கணக்கில் சேராது.

தாலந்து உவமையை (மத்தேயு 25:14-30) நினைத்துப் பாருங்கள். தலைவர் அவரவர் திறமைக்கு ஏற்பவே கொடுத்தார். ஐந்து பெற்றவர் மேலும் ஐந்து ஈட்டினார். இரண்டு பெற்றவர் மேலும் இரண்டு ஈட்டினார். இருவருக்கும் கிடைத்த பாராட்டில் ஒரு சொல்கூட வேறுபடவில்லை. “அவன் பத்து கொண்டுவந்தானே, நீ ஏன் நான்கு?” என்று தலைவர் கேட்கவில்லை. மூன்றாமவரோ, தலைவர் கடினமானவர் என்று அஞ்சித் தம் தாலந்தைப் புதைத்துவிட்டார். வீட்டிலும் பயம் கூடினால் பிள்ளை தன் திறமையை இப்படித்தான் புதைத்துவிடுகிறது.

மதிப்பெண் குறைந்தால் எல்லாக் கதவும் மூடிவிடுவதில்லை. தேர்ச்சி பெறாதவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம். உரிய பாடங்களோடு பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பொறியியல் பட்டப்படிப்பிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டம் வாங்காமலே தொழில் கற்று, குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் நம் பங்கிலேயே எத்தனை பேர்!

ஆகவே, முடிவு வருவதற்கு முந்தின இரவே பிள்ளையை அருகில் அமர்த்திச் சொல்லிவிடுங்கள்: “எவ்வளவு வந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான். அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.” பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்கினால் தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணை அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். பங்குத்தந்தையின் வீட்டுக் கதவையும் எந்நேரமும் தட்டலாம்.

பிள்ளைகளை அவரவர் தாலந்தோடு ஏற்றுக்கொள்ளும் மனதை ஆண்டவர் நமக்குத் தருவாராக.