பணியாரக் கல்லில் ஜப்பான் பலகாரம்

ஜப்பானில் கோயில் திருநாள் என்றால் வழி நெடுகத் தள்ளுவண்டிக் கடைகள் முளைத்துவிடும். அங்கே சுடச்சுட விற்கும் பலகாரங்களுக்குப் பெரும்பாலும் மாவும் சூடான இரும்புக் கல்லும்தான் மூலதனம். திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளில் இருக்கும் பணியாரக் கல்லும் இட்லிக் கொப்பரையும் கொழுக்கட்டை மாவுமே அவற்றில் பலவற்றைச் செய்யப் போதும். கருவியைவிட மாவின் பக்குவத்தில்தான் கவனம் வேண்டும்.

இவற்றில் பேர்பெற்றது தகோயாகி. ஒசாகா நகரில் ஐசுயா என்ற கடையை நடத்திய எண்டோ தொமேகிச்சி, 1935-இல் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். குழிக்கல்லில் கோதுமை மாவுக் கரைசலை ஊற்றி, நடுவே வேகவைத்த ஆக்டோபஸ் துண்டு ஒன்றை வைத்து, உருண்டையாகச் சுட்டெடுப்பார்கள். நம் கடலோரத்தில் பேய்க்கணவாய் என்பது இந்த ஆக்டோபஸைத்தான். அது கிடைக்காவிட்டால் சாதாரணக் கணவாய் போதும். உறையூர்ப் பக்கத்துக் காசிவிளங்கி மீன் சந்தை போன்ற இடங்களில் கேட்டு வாங்கலாம். கணவாயை ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் ரப்பராகிவிடும்.

சைவச் சமையல் வீடுகளுக்குப் பால் காளான் நல்ல மாற்று. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ‘ஏ.பி.கே. 2’ ரகத்துக்குப் பின் தமிழ்நாட்டில் பரவலான இந்தக் காளான், வெந்த பிறகும் குழைவதில்லை. மென்றால் கணவாய்க்குக் கிட்டத்தட்ட அதே பதம். சுண்டைக்காய் அளவு துண்டுகளாக நறுக்கி, உப்புப் போட்டு ஈரம் வற்றும்வரை வதக்கிக்கொள்ள வேண்டும்.

மாவைக் கரைக்கும் நீர்தான் ருசிக்கு அடிப்படை. ஜப்பானியர் அதைக் கடற்பாசியும் உலர்ந்த மீன் சீவலும் போட்டு எடுப்பார்கள். கடற்பாசி தரும் சுவைக்குக் குளுட்டமேட் காரணம் என்று 1908-இல் இகெதா கிகுனே கண்டறிந்தார். மீன் வேண்டாதவர்கள் உலர்ந்த ஷிடாகே காளானை ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை வடித்துப் பயன்படுத்தலாம்.

100 கிராம் மைதா, ஒரு முட்டை, 350 மி.லி. சாறு, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், சிறிது உப்பு: இது அளவு. கரைசல் மோர் போல் ஓட வேண்டும். பணியார மாவின் கெட்டிக்குப் பழகிய கைக்கு இது தவறாகத் தோன்றும். ஆனால் உள்ளே கூழ்போல் இளகி நிற்பதுதான் தகோயாகியின் லட்சணம். முட்டை சேர்க்காதவர்கள் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் போட்டு, சாற்றை 250 மி.லி.யாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கல் நன்றாகக் காய்ந்ததும் குழிகளில் தாராளமாக எண்ணெய் தடவி, மாவைக் குழி நிறைந்து வழிய ஊற்ற வேண்டும். உள்ளே துண்டு, வெங்காயத்தாள், பொடியாக நறுக்கிய இஞ்சி, பஜ்ஜிச் சட்டியில் மிஞ்சிய தூள் ஆகியவற்றைப் போடுவார்கள். அடி இறுகியதும் பணியாரக் குச்சியால் முதலில் கால்வாசி மட்டும் திருப்பி, மேலே வழிந்திருக்கும் மாவைக் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். அது கீழே ஓடி மறுபாதியாகும். பிறகு முழுதாகத் திருப்பி, பொன்னிறமாகும்வரை உருட்டிக்கொண்டே இருக்கலாம். வீட்டு அடுப்பில் நடுக்குழிக்குத்தான் சூடு அதிகம். அதனால் நடுவில் இருப்பதையும் ஓரத்தில் இருப்பதையும் இடம் மாற்றிவிடுவது நல்லது.

மேலே தடவும் சாஸுக்குத் தக்காளி சாஸ், சோயா சாஸ், புளிக்கரைசல், வெல்லம் நான்கையும் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்தால் போதும். இதற்கு உதவும் வூஸ்டர் சாஸிலும் புளி உண்டு. ஆனால் அதில் வழக்கமாக மீனும் சேர்வதால் சைவர்களுக்கு ஆகாது.

அடுத்தது மிதராஷி தாங்கோ. கியோத்தோவின் ஷிமொகாமோ கோயில் திருவிழாவோடு தொடர்புடைய இது, குச்சியில் கோத்த அரிசி மாவு உருண்டை. வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவை இட்லிக் கொப்பரையில் பதினைந்து நிமிடம் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் ஈரத்துணியால் பிடித்து அழுத்திப் பிசைந்து, அம்மிணிக் கொழுக்கட்டையைவிடச் சற்றுப் பெரிதாக உருட்ட வேண்டும். நம் பச்சரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல். ஆறினால் உருண்டை விறைத்துவிடும். மாவில் பாதியளவு மென்மையான டோஃபுவைச் சேர்த்துப் பிசைந்தால் வெகுநேரம் மெத்தென்று இருக்கும். உருண்டைகளைத் தோசைக் கல்லில் லேசாகக் கருகவிட்டு, சோயா சாஸ் இரண்டு பங்கு, சர்க்கரை நான்கு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு, சோளமாவு ஒரு பங்கு சேர்த்துக் காய்ச்சிய பாகில் புரட்டினால் தாங்கோ தயார்.

இனிப்புக்குச் சிவப்புக் காராமணிப் பூரணம். காராமணி மசியும்வரை வெந்த பிறகே சர்க்கரை போட வேண்டும். முன்னால் போட்டால் பயறு வேகாது. கெட்டியான மைதா மாவைப் பணியாரக் குழியில் பாதி ஊற்றி, பூரணம் வைத்து, மேலே மாவு மூடிச் சுடலாம். தோக்கியோவில் மீன் வடிவ அச்சில் வார்க்கும் தாய்யாகியும் இதே முறைதான்.

தகோயாகியை வார்த்த கையோடு தின்ன வேண்டும். ஆறினால் தோல் தொய்ந்துவிடும். தாங்கோவைக் குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகும். அன்றே தீர்த்துவிடுவது உத்தமம். காராமணிப் பூரணம் மட்டும் குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும்.